நான் ஏன் இதை எழுதுகிறேன்? மனசிடம் கேட்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி

பதிவு போடுவதற்கு முன் "இதை நான் ஏன் எழுதுகிறேன்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் பெரிதாகப் பயன் கிடைக்காது. கேட்ட நொடியில் மனசு ஒரு பதிலை எடுத்து நீட்டிவிடும். விழிப்புணர்வுக்காக, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று, யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும் என்று. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பதிவுக்கும் பொருந்தக்கூடிய பதில் என்பதால், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நம் செயலுக்கான காரணம் நமக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதை உளவியலாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமத்தி வில்சன் என்ற இருவர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். மேஜைமேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகள். எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஆனாலும் வலதுகோடியில் இருந்ததைத்தான் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது காரணம் சொன்னார்களே தவிர, அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு முகப்படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, கைலாகவத்தில் மாற்றி மற்ற படத்தைக் கொடுத்தார்கள். பலர் கவனிக்கவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், மனசை விட்டுவிடுங்கள். எழுதிய வாக்கியத்தைக் கேளுங்கள். மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் தொழில். அடுத்தவர் எழுதியதை நாள் முழுக்க வரி வரியாகப் படிப்பவள். ஒரு கட்டுரையாளர் எந்த இடத்தில் தெரிந்து எழுதுகிறார், எந்த இடத்தில் பூசி மெழுகுகிறார், எந்த வரியை யாரையோ குத்துவதற்காகவே வைத்திருக்கிறார் என்பது அவரிடம் பேசாமலே தெரிந்துவிடும். வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தவர் எழுத்தில் தெரிவது நம் எழுத்திலும் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கே எழுதுவது

பதிவிடும் பெட்டிக்குள் எழுதாதீர்கள். அங்கே உங்கள் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, விரலுக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது. எழுதும்போதே பார்வையாளர்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். போனில் குறிப்பெழுதும் செயலி போதும், காகிதமும் போதும். அங்கே தோன்றியதை எல்லாம் எழுதுங்கள். அடக்கி எழுத வேண்டாம், கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள். நல்ல பிள்ளையாக எழுதிய வரைவில் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது.

எழுதியதை ஓர் இரவு கிடக்க விடுங்கள். அவசரம் என்றால் குறைந்தபட்சம் வேறு ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள். எழுதிய சூட்டிலேயே மெய்ப்புப் பார்த்தால் கண், இருப்பதைப் படிக்காது, நினைத்ததைப் படிக்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மெய்ப்புப் படி போல வாசிப்பது

ஒரு வரைவையே எடுத்துக்கொள்வோம். முதியோர் இல்லங்களைப் பற்றி நான் எழுதி, பதிவிடாமல் வைத்திருந்தது:

"வயதான பெற்றோரை இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் ஒருநாள் அதே வாசலில் நிற்பார்கள். மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் என் அம்மாவைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தச் சமூகம் எங்கேதான் போகிறது?"

ஐந்து வரிகள். இப்படியே போட்டிருந்தால் நிறையப் பேர் இதயக்குறி போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சரி, பென்சிலை எடுப்போம்.

முதல் வரி ஒரு கருத்து போலத் தெரிகிறது. ஆனால் அது சாபம். "நிற்பார்கள்" என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நிற்க வேண்டும் என்ற ஆசை அந்த வரியில் இருக்கிறது.

இரண்டாவது வரியில் "சிலர்" என்ற சொல். மெய்ப்பில் நான் முதலில் வட்டம் போடும் சொல் இதுதான். "சிலர்", "ஒரு கூட்டம்", "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று வரும் இடங்களில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எழுதும்போது மனக்கண்ணில் வந்த முகத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். எனக்கு வந்தது என் அண்ணன் முகம். இல்லத்தில் பெற்றோரை விட்டவர்கள் யாருமே வரவில்லை. அம்மாவை எந்த இல்லத்திலும் விடாத, தூரத்தில் இருந்து பணம் அனுப்புகிற அண்ணன்தான் வந்தார். அப்படியானால் இந்தப் பதிவுக்கு வாசகர் ஒரே ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் சாட்சிகள்.

மூன்றாவது வரி என்னைப் பற்றியது. நான்காவது வரி அதைவிட முக்கியம். "பெருமைக்குச் சொல்லவில்லை", "யாரையும் புண்படுத்த எழுதவில்லை", "விளம்பரத்துக்காக அல்ல" என்று வரும் வாக்கியங்கள், எதை மறுக்கின்றனவோ அது பக்கத்திலேயே நிற்கிறது என்பதற்கான அடையாளம். யாரும் கேட்காத கேள்விக்கு நாமே பதில் சொல்கிறோம். அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். அது மறைக்கப் பார்க்கும் விஷயத்தைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பதிவின் கடைசியிலும் ஒட்டலாம்.

ஆக, முதியோர் இல்லங்களைப் பற்றி இந்த வரைவில் ஒரு கருத்துகூட இல்லை. இருப்பது இதுதான்: எனக்கு அலுத்துவிட்டது, தூக்கம் போதவில்லை, அண்ணன் வந்து கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கருத்து இல்லை, ஒரு கோரிக்கை. போன் செய்து, "அண்ணா, அம்மாவை ஒரு மாசம் உங்ககூட வச்சுக்க முடியுமா? எனக்கு முடியல" என்று கேட்டேன். சுலபமான பேச்சாக இருக்கவில்லை. ஆனால் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால், வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஏன் ஓய்வு நாள் வேண்டும் என்று வேறொரு பதிவு எழுதினேன். அதில் "சிலர்" வரவில்லை.

இந்த வரைவில் பெரிய கோபச் சொற்கள் இல்லை. உங்கள் வரைவில் இருந்தால் அவற்றையும் வட்டமிடுங்கள். துரோகம், வெட்கக்கேடு, அயோக்கியத்தனம், ஈனச்செயல் போன்றவை. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நியாய உணர்வும் உணர்ச்சியும் கலந்த இந்த மாதிரிச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் ட்விட்டர் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் அதிகரித்தது. இதை நாம் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் எழுதியவர் விரலுக்கே அது தெரியும். வட்டமிட்ட சொற்களை எடுத்துவிட்டுப் படியுங்கள். ஒரு வாதம் மிச்சம் இருந்தால், அதை நம்பி மேலே போகலாம். ஒன்றும் மிச்சமில்லை என்றால் அந்தப் பதிவு கோபம் மட்டும்தான்.

கோபத்தைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் அதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிர அடங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே பரவாயில்லை. ஆனால் இதைச் சொல்லி நியாயமான கோபத்தை யாரும் வாயடைக்கக் கூடாது. அநியாயம் நடந்தால் கத்தத்தான் வேண்டும், சில நேரம் கத்தினால்தான் காரியம் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். பதிவைப் படித்து முடித்தவர் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா? ஒரு புகார் எண், போக வேண்டிய ஓர் இடம், கேட்க வேண்டிய ஒரு கேள்வி, பாதிக்கப்பட்டவருக்குத் தேவைப்படும் ஓர் உதவி? இருந்தால் போடுங்கள், கோபத்தோடே போடுங்கள்.

கடைசியாக, "இப்படிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தீர்வு சொல்லும் வரிகள். அந்தத் தீர்வு எப்படி வேலை செய்யும் என்று படிப்படியாக எழுதிப் பாருங்கள். யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும், அடுத்து என்ன நடக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அரசியல் கொள்கைகளில் அழுத்தமான நிலைப்பாடு உள்ளவர்களிடம் அந்தக் கொள்கை எப்படி இயங்கும் என்று விளக்கச் சொன்னார்கள். விளக்கப் புறப்பட்டதும் தங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று புரிந்து, நிலைப்பாட்டில் கொஞ்சம் தளர்ந்தார்கள். ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் மட்டும் கேட்கப்பட்டவர்கள் அப்படித் தளரவில்லை. இரண்டாவது படியிலேயே பேனா நின்றுவிட்டால், அந்தக் கருத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நம் பக்கத்து ஆட்கள் சொல்வதால் நாமும் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழுப்ப முடியாத கேள்விகள்

வாக்கியத்தில் பிடிபடாத நோக்கமும் உண்டு. அதற்கு, சூழ்நிலையைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். "ஏன்" என்று கேட்டால் கதை வரும். "அப்படி இருந்தாலும் போடுவேனா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தைதான் வரும்.

எனக்கு அதிகம் பயன்பட்டது இது: இதையே நேற்று வேறொருவர் நன்றாக எழுதியிருந்தால், அதைப் பகிர்ந்துவிட்டுப் போவேனா? போவேன் என்றால் விஷயம் பரவ வேண்டும் என்பதுதான் நோக்கம். இல்லை, நானே எழுத வேண்டும் என்று தோன்றினால், நான் எழுதியதாகத் தெரிய வேண்டும் என்பதும் அதில் கலந்திருக்கிறது.

கலந்திருந்தால் தப்பா? இல்லை. தன்னைப் பற்றிச் சொல்வது மனிதருக்கு இயல்பிலேயே இன்பம் தருவது. 2012-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் செய்த சோதனையில், தன்னைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்ப்புக்காகப் பலர் கையில் வரவிருந்த சிறு பணத்தையே விட்டுக்கொடுத்தார்கள். பாராட்டு வேண்டும் என்று நினைப்பது குற்றம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாராட்டு வேண்டுமானால் நீங்கள் செய்த ஒன்றை, வரைந்ததை, கற்றுக்கொண்டதை நேரடியாகக் காட்டுங்கள். அடுத்தவர் துயரத்தைப் பற்றிய கருத்துக்குள் அதை ஒளித்து வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தனிமையும் அப்படித்தான். இரவு பதினொரு மணிக்கு அரசியல் கருத்து ஒன்று நெஞ்சை முட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு எதிர்ப்பு வந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது பதில் போட்டால் போதும் என்றிருக்கிறது. அந்த நேரத்தில் தேவைப்படுவது பேச்சுத் துணை. "தூங்கிட்டீங்களா? சும்மா பேசலாம்னு தோணுச்சு" என்று ஒரு நண்பருக்கு அனுப்பினால் கிடைப்பது, கருத்துச் சண்டையில் கிடைக்காது.

இன்னொரு கேள்வி, எதிர்த்தரப்புக்கு எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு. உங்களோடு ஏற்கெனவே ஒத்துப்போகும் யாருக்கும் இந்தப் பதிவு தெரியாது, மாற்றுக் கருத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே சொற்களில்தான் எழுதுவீர்களா? நம்பிக்கை சார்ந்த விஷயங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. கடவுள் உண்டு என்று எழுதுகிறவரும் இல்லை என்று எழுதுகிறவரும், பெரும்பாலும் சொந்தக் கூடாரத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நான் உங்கள் ஆள் என்று சொல்வது அதன் வேலை. அதைத் தெரிந்தே செய்தால் சரி. அடுத்தவரை மாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைச் செய்யும்போதுதான், ஏன் ஒருவர்கூட மாறவில்லை என்ற கசப்பு மிஞ்சுகிறது.

விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் 2021-இல் எல்லோருக்கும் வந்தது. கொஞ்ச நாள் அதை மறைத்து வைத்துப் பாருங்கள். எந்த மாதிரிப் பதிவு எழுதும் ஆசை குறைகிறது, எது குறையாமல் அப்படியே நிற்கிறது என்பது வேறு எந்தக் கேள்வியும் இல்லாமலே தெரிந்துவிடும்.

பதிவிட்ட பிறகு கையைக் கவனியுங்கள்

போட்டாயிற்று. இப்போதும் சோதனை முடியவில்லை. அடுத்த முறை செயலியைத் திறக்கும்போது கண் முதலில் எங்கே போகிறது? எண்ணிக்கைக்கா, யார் பார்த்தார்கள் என்ற பட்டியலுக்கா, எழுதப்பட்ட பதில்களுக்கா? குறிப்பிட்ட ஒருவர் பெயரை விரல் தேடுகிறது என்றால், அவருக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். யாராவது ஒரு தகவல் பிழையைச் சுட்டிக்காட்டினால் முதலில் வருவது என்ன? திருத்திவிடலாம் என்ற எண்ணமா, இவர் யார் சொல்வதற்கு என்ற எரிச்சலா? விஷயம் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவருக்குத் திருத்தம் ஓர் உதவி.

நோக்கம் நாளாக நாளாக மாறிவிடுவதும் உண்டு. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் 7,331 பேரின் 1 கோடியே 27 லட்சம் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சீற்றத்தைக் காட்டிய பதிவுக்கு விருப்பக்குறியும் பகிர்வும் அதிகம் கிடைத்தவர்கள், பின்னால் மேலும் சீற்றத்தோடு எழுதினார்கள். அக்கறையோடு எழுதத் தொடங்கிய ஒருவரை, கைதட்டலே கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகப் பழக்கிவிடுகிறது. ஒவ்வொரு பதிவாகப் பார்த்தால் இது தெரியாது. உங்கள் ஒரு வருடப் பதிவுகளை ஒரே மூச்சில், பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படியுங்கள். தலைப்பு எதுவாக இருந்தாலும் தொனி ஒன்றாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகிவிட்டிருந்தால், இனி எழுதப்போகும் விஷயத்தில் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது என்ன என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஃபார்வர்டு

நமக்கு வந்ததை அப்படியே மற்றவருக்கு அனுப்பும்போது அதில் நம் வாக்கியமே இல்லை, மெய்ப்புப் பார்க்க எதுவும் கிடையாது. அதனால் ஒரு வரியை நாமே சேர்க்க வேண்டும். அனுப்பும் முன், அதன் மேலே, "இதை உங்களுக்கு அனுப்புவது ஏனென்றால்" என்று தொடங்கி எழுதி முடியுங்கள். "உங்க முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்ன அதே பயிற்சி இதுல இருக்கு" என்று எழுத வந்தால் அனுப்பலாம். ஒன்றும் எழுத வரவில்லை என்றால், பார்த்ததும் ஏற்பட்ட அதிர்ச்சியைக் கைமாற்றிவிடப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அனுப்ப வேண்டாம். அதிர்ச்சியும் புதுமையும்தான் பொய்ச் செய்திக்குக் கால். 2018-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சுமார் 1,26,000 செய்திகள் ட்விட்டரில் பரவிய விதத்தை ஆராய்ந்தபோது, உண்மையைவிடப் பொய் பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. பரப்பியதில் இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்களுக்கே முக்கியப் பங்கு.

எழுதாமல் விட்டவை

இவ்வளவையும் செய்து பார்க்கிறவர்களில் சிலர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு சுயநலம் தெரிகிறதே, எதற்கு வம்பு என்று. அப்படி ஆகக் கூடாது என்று எனக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. யோசிக்கிறவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டால், மிச்சம் கேட்பது யோசிக்காதவர்களின் குரல்தான். கலப்படமில்லாத நோக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எதெது கலந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைப் பதிவிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. "நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன், இந்தச் சட்டம் வந்தால் எனக்கு லாபம்" என்று ஒரு வரி சேர்த்தால், படிப்பவர் மற்றதை எடைபோட்டுக்கொள்வார்.

மௌனத்துக்கும் நோக்கம் உண்டு, அதையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோல்-நாய்மன் 1974-இல் சொன்ன கோட்பாடு ஒன்று உண்டு. தன் கருத்து சிறுபான்மை என்று நினைக்கிறவர், ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பேசாமல் இருக்கிறார். அவர் பேசாததால் எதிர்க்கருத்து இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் அடங்குகிறார். இப்படியே சுருள்கிறது.

பதிவிடாமல் வைத்த வரைவுகளை அழித்துவிடாதீர்கள். அவ்வப்போது எடுத்துப் படித்து, ஒன்றைக் கேளுங்கள்: இதே கருத்தை யாரோ போட்டு, ஊரே கைதட்டியிருந்தால், நானும் அன்றைக்கே போட்டிருப்பேனா? ஆம் என்றால் உங்களைத் தடுத்தது, எத்தனை பேர் நம் பக்கம் என்ற கணக்கு. வேலை போய்விடும், வீட்டுக்கு ஆள் வரும் என்ற உண்மையான ஆபத்து இருந்தால் கதை வேறு. அங்கே பேசாமல் இருப்பது உங்கள் உரிமை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், பெரிய பதிவாகத் தொடங்க வேண்டாம். அதே கருத்தைச் சொல்லிவிட்டுத் தனியாக நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் கண்ணில் படுவார். அவர் பதிவுக்குக் கீழே, நானும் இப்படித்தான் நினைக்கிறேன் என்று எழுதுங்கள். கூடவே, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதற்கு உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு விவரத்தையும் சேருங்கள்.